தொழுகையில் மனம் நிற்பதற்கு: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிறுவயதில் ஓதும் பள்ளியில் சூராக்களை (குர்ஆன் அத்தியாயங்களை) மனனம் செய்துவிட்டு, பிறகு படிப்பு, வேலை, வளைகுடா என்று அலைந்து, நடுவயதில் தொழுகைக்குத் திரும்புகிறவர்கள் நம் டெல்டா ஊர்களில் ஏராளம். இஸ்லாத்தைப் புதிதாக ஏற்றுத் தொழத் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள். இரு சாராருக்கும் ஒரே சிக்கல்தான். "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கியவுடன் கடைக்கணக்கும் பிள்ளையின் பரீட்சையும் வரிசையாக வந்து நிற்கின்றன. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும்போது எந்தச் சூராவை ஓதினோம் என்பதே நினைவில் இருப்பதில்லை.

நானும் இதில் பல காலம் தவித்தவன். யாரைக் கேட்டாலும் "மனத்தை ஒருநிலைப்படுத்துங்கள், பாய்" என்றார்கள். எப்படி என்று யாரும் சொல்லவில்லை. தேடித் தேடிச் செய்துபார்த்ததில் எனக்கு உறுதியானது இதுதான்: நாக்கு ஓதுவது புரியாதவரை மனம் நிற்காது. முதலில் சொற்களின் பொருள், அடுத்து தக்பீருக்கு முந்தைய சில நிமிடங்கள், அதன்பின் உடலின் நிதானம். இந்த வரிசையில் போனால் பலன் தெரியும். மன உறுதியை மட்டும் நம்பித் தொடங்கினால் ஒரு வாரத்தில் சோர்ந்துவிடுவீர்கள்.

இது மார்க்கத் தீர்ப்பு அல்ல. சட்டக் கேள்விகளை உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேளுங்கள்.

1. ஒரு தாள் தயாரியுங்கள்

உங்களுக்குத் தேவையான ஆவணம் ஒன்றே ஒன்றுதான்: தொழுகையில் நீங்கள் சொல்லும் அத்தனையும் வரிசையாக எழுதப்பட்ட ஒரு தாள். அதை நீங்களே எழுத வேண்டும். கடையில் வாங்கும் தொழுகைப் புத்தகம் உதவிக்கு இருக்கட்டும். ஆனால் கையால் எழுதும்போது ஏறும் பொருள், அச்சிட்டதைப் பார்க்கும்போது ஏறுவதில்லை.

தாளில் மூன்று பத்திகள் போடுங்கள். முதலாவதில் அரபு மூலம். இரண்டாவதில் ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ்ப் பொருள். மூன்றாவதில் முழு வாக்கியத்தை நீங்கள் வீட்டில் பேசும் தமிழில் எழுதுங்கள். தக்பீர், தொடக்க துஆ (வேண்டுதல்), ஃபாத்திஹா (குர்ஆனின் முதல் சூரா), நீங்கள் அடிக்கடி ஓதும் இரண்டு சின்னச் சூராக்கள், ருகூஉவிலும் (குனிந்த நிலை) ஸஜ்தாவிலும் (நெற்றி தரையில் படும் நிலை) சொல்லும் தஸ்பீஹ் (இறைவனைத் துதிக்கும் சொற்கள்), ருகூஉவிலிருந்து எழும்போது சொல்வது, இரண்டு ஸஜ்தாக்களுக்கு இடையிலான துஆ, உட்கார்ந்து ஓதும் அத்தஹிய்யாத், நபிக்கான ஸலவாத், ஸலாம். முழுவதும் இரண்டு பக்கங்களில் அடங்கிவிடும்.

எழுதும்போதே சில இடங்களில் நின்றுவிடுவீர்கள். "ஸமிஅல்லாஹு லிமன் ஹமிதஹ்" என்பது, தன்னைப் புகழ்ந்தவர் சொன்னதை அல்லாஹ் கேட்டுக்கொண்டான் என்ற செய்தி. இரண்டு ஸஜ்தாக்களுக்கு இடையே பலரும் ஓதும் துஆவில் மன்னிப்பு, கருணை, நேர்வழி, உடல்நலம், ரிஸ்க் (வாழ்வாதாரம்) என்று ஐந்து கோரிக்கைகள் இருக்கின்றன. நெல்லுக்கு விலை கிடைக்குமா என்ற கவலையோடு தொழுகிறவர் அந்தக் கவலையையே இங்கே கேட்டுவிடலாம். நம்மில் பலர் இந்த இடத்தில் உட்கார்ந்தோமா இல்லையா என்று தெரியாத அளவுக்கு அவசரமாக எழுந்துவிடுகிறோம்.

அத்தஹிய்யாத்தில் "எங்கள் மீதும் அல்லாஹ்வின் நல்லடியார்கள் அனைவர் மீதும் ஸலாம்" என்று வருகிறது. இதைச் சொன்னால் வானத்திலும் பூமியிலும் இருக்கும் ஒவ்வொரு நல்லடியாரையும் அது சென்றடைகிறது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்ததாக புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, மறைந்துபோன என் அத்தாவை நினைக்காமல் இந்த வரியைக் கடக்க எனக்கு முடிவதில்லை.

ஓர் எச்சரிக்கை. தமிழ் எழுத்தில் அச்சிட்ட அரபியை மட்டும் நம்பி மனனம் செய்யாதீர்கள். அரபியின் இரண்டு வகை "ஹ", இரண்டு வகை "க", தொண்டையின் நடுவிலிருந்து வரும் "ஐன்" ஆகியவற்றைத் தமிழ் எழுத்து பிரித்துக் காட்டாது. ஒலி மாறினால் பொருளும் மாறும். அரபு எழுத்து தெரியாதவர்கள் தமிழ் எழுத்தைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு, உடனே இரண்டாம் படிக்குப் போய்விடுங்கள்.

செலவு: நோட்டு, பேனா, இரண்டு மூன்று நகல்கள், எல்லாம் நூறு ரூபாய்க்குள். ஒரு நகல் சட்டைப்பையில், ஒன்று தொழும் இடத்தில், ஒன்று கடையின் கல்லாவுக்குள். காலம்: ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் போதும்.

2. ஓதித் தருகிற ஒருவரைப் பிடியுங்கள்

வயதான பிறகு ஹஜ்ரத் (ஓதித்தரும் ஆசிரியர்) முன்னால் உட்கார்ந்து "அல்ஹம்து" ஓதிக்காட்டக் கூச்சமாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் பள்ளிவாசல் இருக்கும் ஊரில் எல்லாம் ஓதித் தருகிற ஒருவர் இருப்பார். மக்ரிபுக்கும் (அந்தித் தொழுகை) இஷாவுக்கும் (இரவுத் தொழுகை) நடுவே பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்திடம், இஷாவுக்குப் பிறகு கால் மணிநேரம் கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார். பலர் கட்டணம் என்று எதையும் கேட்பதில்லை. உங்கள் வசதிக்கேற்ற ஹதியாவை (அன்பளிப்பை) மாதக்கடைசியில் ஒரு உறையில் வைத்துக் கொடுங்கள். ஓதித்தருகிற பலரின் வீட்டு நிலைமை நமக்குத் தெரிவதில்லை. பெண்களுக்கு நிஸ்வான் மதரஸாவில் (பெண்களுக்கான மார்க்கக் கல்விக்கூடம்) படித்த ஆலிமா யாராவது பக்கத்துத் தெருவிலேயே இருப்பார். வீட்டுக்கே வந்து சொல்லித்தருகிறவர்களும் உண்டு.

கேட்க வேண்டியது ஃபாத்திஹாவும் தாளில் உள்ளவையும் மட்டும்தான். "முழுக் குர்ஆனையும் தஜ்வீதோடு (ஓதும் ஒலி விதிகளோடு) முடித்துவிடலாம்" என்று தொடங்கினால் மூன்றாம் வாரமே நின்றுவிடும்.

டெல்டாவுக்கே உரிய ஒரு குழப்பம் இங்கே உண்டு. கடற்கரை ஊர்களில் ஷாஃபி மத்ஹபு (மார்க்கச் சட்ட வழி) அதிகம். உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி அதிகம். அதிராம்பட்டினத்திலோ நாகூரிலோ ஒரு காக்கா சொல்லித்தந்ததும், பாபநாசம் பக்கம் ஒரு ஹஜ்ரத் சொல்லித்தந்ததும் மாறுபடும். கை கட்டும் இடம், தொடக்க துஆ, சுப்ஹில் (அதிகாலைத் தொழுகையில்) குனூத் என்ற துஆவை ஓதுவது, இமாமுக்குப் பின்னால் நிற்பவர் ஃபாத்திஹா ஓதுவதா மௌனமாகக் கேட்பதா என்பதெல்லாம் வேறாக இருக்கும். இரண்டுமே அறிஞர்கள் நிறுவிய வழிகள்தான். தொடக்கத்தில் ஒருவரிடம் மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். தினமும் கைப்பேசியில் புதுப்புதுக் காணொளிகளைப் பார்த்துவிட்டுத் தக்பீர் கட்டினால், கையை எங்கே வைப்பது என்ற யோசனையிலேயே முதல் ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) போய்விடும்.

3. ஃபாத்திஹா ஒன்றையே முதலில் உயிர்ப்பியுங்கள்

ஒரு நாளின் ஃபர்ளு (கட்டாய) ரக்அத்துகள் 17. ரக்அத்துகளில் ஓதப்படும் ஃபாத்திஹாவின் வசனங்கள் 7. இந்த ஏழு வசனங்கள் புரிந்துவிட்டால் தொழுகையின் பெரும்பகுதி வெளிச்சமாகிவிடும். ஆகவே தாளில் உள்ள எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்காமல், முதல் இரண்டு வாரம் ஃபாத்திஹாவோடு மட்டும் இருங்கள்.

முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஒரு ஹதீஸ்குத்ஸி (அல்லாஹ் சொன்னதாக நபி அறிவித்த செய்தி) உண்டு. தொழுகையை எனக்கும் என் அடியானுக்கும் இடையே இரு பாதியாகப் பிரித்துவிட்டேன் என்கிறான் அல்லாஹ். அடியான் "அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்" என்றால், என் அடியான் என்னைப் புகழ்ந்தான் என்கிறான். "இய்யாக்க நஃபுது" என்ற இடம் வரும்போது, இது எனக்கும் என் அடியானுக்கும் நடுவில் உள்ளது, அவன் கேட்டது அவனுக்கு உண்டு என்கிறான். "இஹ்தினா" தொடங்கிக் கடைசிவரை, இது என் அடியானுக்குரியது, கேட்டது அவனுக்கு உண்டு என்கிறான்.

இந்த ஹதீஸை வாசித்த நாளிலிருந்து என் ஓதல் மாறியது. பதில் வருகிறது என்று தெரிந்தால் யாரும் அடுத்த வரிக்குப் பாயமாட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் வசனம் வசனமாக நிறுத்தி ஓதினார்கள் என்று உம்மு ஸலமா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். நீங்களும் ஒவ்வொரு வசனத்துக்குப் பின்னும் ஒரு மூச்சு அளவுக்கு நில்லுங்கள். தனியாகத் தொழும் தொழுகையிலும் சுன்னத்திலும் (கட்டாயமல்லாத கூடுதல் தொழுகை) பழகுங்கள். ஜமாஅத்தில் (கூட்டுத் தொழுகையில்) இமாமின் ஓதலுக்கு ஏற்ப நடக்க வேண்டியிருக்கும்.

பயிற்சிக்கு ஒரு வழி. கடைக்குப் போகும்போது, பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது, ஒரு வசனத்தின் தமிழ்ப் பொருளை மட்டும் மனத்துக்குள் புரட்டுங்கள். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் ஒரு மணிநேரத்துக்கு மேல் கிடைக்கிறது. அதில் பத்து நிமிடத்தை "எங்களை நேரான வழியில் நடத்துவாயாக" என்பதற்குக் கொடுங்கள். இன்று எந்த விஷயத்தில் எனக்கு அந்த வழி தேவை? கடன் வாங்குவதா, அண்ணனோடு பேச்சை மறுபடி தொடங்குவதா? அன்றைய அஸரில் (பிற்பகல் தொழுகையில்) அந்த வரி வரும்போது மனம் தானாகவே அங்கே நிற்கும்.

4. தக்பீருக்கு முந்தைய பத்து நிமிடம்

தொழுகையின் கவனம் தக்பீருக்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. பாங்குக்கும் இகாமத்துக்கும் (தொழுகை தொடங்குமுன் சொல்லும் அறிவிப்பு) நடுவே பள்ளிவாசல்களில் பத்து நிமிடமோ கூடவோ விடுவார்கள். மக்ரிபில் மட்டும் இடைவெளி மிகக் குறைவு. பாங்கு கேட்டதும் கிளம்பினால் அந்த இடைவெளி உங்களுக்கு. இகாமத் கேட்டு ஓடினால் மூச்சிரைப்போடுதான் நிற்பீர்கள். தொழுகைக்கு ஓடிவராமல் அமைதியாக வாருங்கள், கிடைத்ததைத் தொழுங்கள், விட்டுப்போனதை நிறைவு செய்யுங்கள் என்பது நபிமொழி. ஒரு ரக்அத் தவறிவிடுமே என்று செருப்பை உதறிவிட்டு ஓடுகிற வழக்கத்தை விடுங்கள்.

ஒளுவை (தொழுகைக்கு முன் முகம், கைகால் கழுவுவதை) அவசரப்படாமல் செய்யுங்கள். ஹவுதில் (பள்ளிவாசல் நீர்த்தொட்டி ஓரத்தில்) உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரோடு அரசியல் பேசிக்கொண்டே கால் கழுவினால், அந்தப் பேச்சு முதல் ரக்அத் வரைக்கும் கூடவே வரும். நடவு, அறுவடை நாட்களில் வயலிலிருந்து நேரே வருகிறவர்கள் சேற்றை முதலில் தனியாகக் கழுவிவிட்டுப் பிறகு ஒளுவுக்கு உட்காருங்கள். நகக்கண்ணில் சேறு ஒட்டியிருக்கிறதோ என்ற ஐயம் தொழுகைக்குள் வந்தால் மீள்வது கடினம்.

பசியும் இயற்கை உபாதையும் பெரிய தடைகள். உணவு முன்னால் இருக்கும்போதும், மலஜலத்தை அடக்கிக்கொண்டும் தொழுகை இல்லை என்று முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. சாப்பாடு பரிமாறிவிட்டார்கள், நேரமும் இருக்கிறது என்றால் சாப்பிட்டுவிட்டுத் தொழுங்கள். இதை அலட்சியம் என்று யாராவது சொன்னால் பொருட்படுத்த வேண்டாம்.

கைப்பேசியை ஒலியில்லாமல் வைத்தால் போதாது. சட்டைப்பையில் அதிர்ந்தாலே யார் அழைக்கிறார்கள் என்று மனம் கேட்கும். முழுதாக அணைத்துவிடுங்கள், அல்லது கடையிலேயே விட்டுவிடுங்கள். மறந்துவிடுவோமோ என்று அரிக்கும் வேலை எதுவும் இருந்தால், ஒளுவுக்கு முன் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துவிடுங்கள். எழுதிய விஷயம் தொழுகையில் அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை.

5. வீட்டில் தொழும் இடம்

பெண்களுக்கும் கடையில் தொழுகிறவர்களுக்கும் இது முக்கியம். கோடுபோட்ட மேலாடை ஒன்று தம் கவனத்தைக் கலைத்தது என்று நபி (ஸல்) அவர்களே அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, கோடில்லாத சாதாரண ஆடையைக் கேட்டார்கள். அவர்களுக்கே அப்படியென்றால், மினாரும் பூவும் நெய்த முஸல்லாவை (தொழுகை விரிப்பை) நம் கண் வருடாமல் இருக்குமா? உறவினர் அன்பாகக் கொண்டுவந்த வெளிநாட்டு முஸல்லாவை விருந்தாளிக்கு வைத்துவிட்டு, வெறுமையான கோரைப்பாயை விரித்துக்கொள்ளுங்கள்.

கிப்லாவை (தொழும் திசையை) ஒருமுறை சரிபார்த்து முடித்துவிடுங்கள். நம் பகுதியில் கிப்லா நேர் மேற்கு அல்ல. மேற்கிலிருந்து வடக்கே ஏறக்குறைய 20 பாகை சாய்ந்தது. சிறிய விலகலால் தொழுகை கெட்டுவிடாது, ஆனால் சரியாக நிற்கிறோமா என்ற சந்தேகம் கெடுக்கும். கைப்பேசித் திசைகாட்டியை இரும்புப் பீரோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், தவறாகக் காட்டும். முற்றத்தில் பார்த்து, சுவரில் பென்சிலால் ஒரு குறி போட்டால் போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வாய்க்கால் ஓரத்து வீடுகளில் மக்ரிப் நேரம் கொசு பிடுங்கும். பாங்குக்கு அரை மணி முன்பே சன்னலைச் சாத்துங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் குழந்தை அழுதால் சுருக்கமாகத் தொழுதுவிடுங்கள். பிள்ளையின் அழுகுரல் கேட்டு, தாயின் தவிப்பை எண்ணி நபி (ஸல்) அவர்கள் தொழுகையைச் சுருக்கியிருக்கிறார்கள். அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம், லாத்தா.

6. உடல் நின்றால்தான் மனம் நிற்கும்

அவசரமாகத் தொழுத ஒருவரை, திரும்பிப் போய்த் தொழுங்கள், நீங்கள் தொழவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை திருப்பியனுப்பிய நிகழ்ச்சி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பின்பு அவருக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன? ருகூஉவில் உடல் அமைதி பெறும்வரை இருங்கள், நேராக நிற்கும்வரை எழுங்கள், ஸஜ்தாவில் அமைதி பெறும்வரை இருங்கள் என்பதுதான்.

உடல் அசைவு முழுவதும் நின்ற பிறகு தஸ்பீஹைத் தொடங்குங்கள். குனிந்துகொண்டே சொல்லி எழுந்துகொண்டே முடிக்காதீர்கள். இப்படித் தொழுதால் நான்கு ரக்அத்துக்கு எட்டிலிருந்து பத்து நிமிடம் ஆகும். மூன்று நிமிடத்தில் முடிகிறதென்றால் எங்கோ விழுங்குகிறீர்கள். பார்வை ஸஜ்தா செய்யும் இடத்தில் இருக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டால் கவனம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது கற்பனைகளைத்தான் கூட்டியது.

அடியான் தன் இறைவனுக்கு மிக நெருக்கமாக இருப்பது ஸஜ்தாவில், அதில் துஆவை அதிகப்படுத்துங்கள் என்பது முஸ்லிமில் உள்ள நபிமொழி. தமிழில் வாய்விட்டுக் கேட்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

7. மனம் ஓடிவிட்டால்

ஓடும். எல்லோருக்கும் ஓடும். உணர்ந்த அந்த நொடியில் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள், திட்டுவதும் ஒரு கவனச்சிதறலே. ஓதிக்கொண்டிருக்கும் சொல்லின் பொருளுக்குத் திரும்புங்கள். உஸ்மான் இப்னு அபில்ஆஸ் (ரலி) என்ற நபித்தோழரே தொழுகையில் ஷைத்தான் குழப்புவதாக முறையிட்டிருக்கிறார். அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள், அப்படிச் செய்தபோது அது நீங்கியது என்று அவரே அறிவிக்கிறார்.

இதைவிடக் கொடிய பொறி வஸ்வாஸ் (ஓயாத சந்தேகம்). நிய்யத் (தொழும் எண்ணம்) சரியாக அமையவில்லை என்று தக்பீரைத் திரும்பத் திரும்பச் சொல்வது, ஒளு முறிந்ததோ என்று ஐயப்பட்டு மறுபடி குழாய்க்குப் போவது. நல்ல தொழுகையாளிகள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ஒளு முறிந்தது உறுதியாகத் தெரியாதவரை முறியவில்லை என்றே கொள்ள வேண்டும். நிய்யத்தின் இடம் உள்ளம். அஸர் தொழ வந்து நிற்கிறீர்கள் என்றால் அந்த எண்ணம் உங்களுக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

மூன்றா நான்கா என்று ரக்அத் எண்ணிக்கையில் குழம்பினால், ஷாஃபியில் குறைந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு நிறைவு செய்து, ஸஹ்வு ஸஜ்தா (மறதிக்கான ஸஜ்தா) செய்வார்கள். ஹனஃபியில் அடிக்கடி குழப்பம் வருகிறவர் மனம் வலுவாகச் சாயும் பக்கத்தை எடுத்துக்கொள்வார். உங்கள் முறையை முன்கூட்டியே கேட்டுத் தாளின் அடியில் எழுதிவிடுங்கள்.

8. எந்த வேளையில் தொடங்குவது

ஐந்து வேளையும் தொழுதாக வேண்டும். ஆனால் இந்தப் பயிற்சியை ஒரு வேளையில் தொடங்கிப் பிறகு விரியுங்கள். சுப்ஹு சிறந்தது, இரண்டே ரக்அத், தெரு அமைதியாக இருக்கும். டெல்டாவில் சூரிய உதயம் ஜூனில் காலை 5.50 அளவிலும், ஜனவரியில் 6.35 அளவிலும் நிகழ்கிறது. சுப்ஹு நேரம் அதற்கு ஒன்றேகால் மணி அளவு முன்பே தொடங்கிவிடும். இரவு பன்னிரண்டு மணி வரை கைப்பேசி பார்த்தால் இந்தப் படி உங்களுக்கு நடக்காது.

கடைக்காரர்களுக்குக் கடினமானது அஸர். இதன் தொடக்கம் மத்ஹபுக்கு மத்ஹபு மாறும். ஷாஃபியில் ஒரு பொருளின் நிழல், நண்பகல் நிழல் போக அதன் உயரத்துக்குச் சமமாகும்போது, ஹனஃபியில் இருமடங்காகும்போது. கைப்பேசிச் செயலியில் இந்த அமைப்பையும், ஊர் சென்னை என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சென்னை நேரம் நமக்குச் சில நிமிடங்கள் மாறும். பள்ளிவாசல் சுவரில் தொங்கும் நேர அட்டவணையைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது எல்லாவற்றையும்விட நம்பகமானது.

9. தாளை மாற்றும் காலம்

ஃபாத்திஹாவுக்கு இரண்டு வாரம், தஸ்பீஹ்களுக்கும் இடைத் துஆவுக்கும் ஒரு வாரம், அத்தஹிய்யாத்துக்கும் ஸலவாத்துக்கும் இரண்டு வாரம் கொடுங்கள். பிறகு மாதம் ஒரு சின்னச் சூராவைப் பொருளோடு சேருங்கள். "குல்ஹுவல்லாஹ்" ஒன்றையே எல்லா ரக்அத்திலும் ஓதிப் பழகியவர்கள் இந்த நேரத்தில் வேறு சூராவுக்கு மாறுவது நல்லது. பழகிய சூராவில் நாக்கு தனியாக ஓடிவிடும். "அல்அஸ்ர்" மூன்றே வசனங்கள், அங்கிருந்து தொடங்கலாம்.

ரமலான் வந்துவிட்டால் ஒன்று செய்யுங்கள். அன்றிரவு தராவீஹில் (ரமலான் இரவுத் தொழுகையில்) எந்தப் பகுதி ஓதப்படும் என்று ஹாஃபிழிடம் (குர்ஆனை மனனம் செய்தவரிடம்) லுஹர் (நண்பகல்) நேரத்திலேயே கேட்டுக்கொண்டு, அஸருக்குப் பிறகு அதன் தமிழாக்கத்தை வாசித்துவிடுங்கள். பள்ளிவாசல் அலமாரியில் பிரதி இருக்கும், செலவில்லை. முழுவதும் வாசிக்க நேரமில்லாத நாளில் முதல் இரண்டு பக்கங்களாவது வாசியுங்கள். மூஸா, யூசுஃப் என்று பெயர்கள் காதில் விழும்போது, கதை எங்கே நடந்துகொண்டிருக்கிறது என்று அணியில் நின்றபடியே பின்தொடர முடியும்.